வைசூரியும் வாய்மொழியும்



வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு வருவன அரசர்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே. ஆயினும் எந்தப் பேரரசனுக்கும் வாய்க்காத பரந்த ஆட்சியை உலகம் முழுவதும் செலுத்திய ஒன்று உண்டு. அது பெரியம்மை, நம் முன்னோர் வைசூரி என்று அஞ்சி உரைத்த நோய். குடிசைக்கும் மாளிகைக்கும் அது வேறுபாடு காட்டவில்லை. பிரான்சு நாட்டு மன்னன் பதினைந்தாம் லூயி 1774ஆம் ஆண்டில் அந்நோயால்தான் மாண்டான். 20ஆம் நூற்றாண்டில் மட்டும் ஏறத்தாழ 30 கோடி மக்கள் இதற்கு இரையாயினர் என்று மதிப்பிடுவர். தப்பிப் பிழைத்தோரிற் பலர் முகமெல்லாம் தழும்பேறியும், சிலர் கண்ணொளி இழந்தும் வாழ்ந்தனர்.

அத்தகைய நோய் இன்று உலகில் இல்லை. 1980ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் நாள், பெரியம்மை உலகினின்றும் ஒழிந்தது என்று உலகச் சுகாதாரப் பேரவை அறிவித்தது. மனிதரைப் பற்றும் நோய்களில் முற்றிலும் ஒழிக்கப்பட்டது இது ஒன்றுதான்.

எவ்வாறு ஒழிந்தது என்று கேட்டால், அம்மைப்பால் குத்தியதனால் ஒழிந்தது என்று உடனே விடை சொல்வீர்கள். அவ்விடை சரியே. ஆனால் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். எட்வர்டு ஜென்னர் என்னும் ஆங்கில மருத்துவர் பசுவம்மையைச் சிறுவன் ஒருவனின் கையில் வைத்துச் சோதித்தது 1796ஆம் ஆண்டில். உலகில் இயற்கையாகப் பரவிய பெரியம்மையின் கடைசி நோயாளியைக் கண்டது 1977ஆம் ஆண்டில். இடையே 181 ஆண்டுகள். மருந்து கையில் இருந்தும் நோய் ஏன் அத்தனை காலம் நின்றது? வெயிலில் மருந்து கெட்டுப்போயிற்று, பாதைகள் இல்லை, பொருள் இல்லை. இவையெல்லாம் காரணங்களே. இவற்றோடு மற்றொரு காரணமும் உண்டு. மருந்தைக் குறித்த செய்தி வீடு வீடாய்ச் சென்று சேர வேண்டும். சேர்ந்தபின் அது நம்பப்படவும் வேண்டும். அச்செய்தி எவ்வழியாகச் சென்றது, எவ்விடத்தில் தடைப்பட்டது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

செய்தி செல்லும் வழி எது? அரசாணையும் தண்டோராவும் நாளிதழும் வானொலியும் உண்டு. அவற்றுக்கெல்லாம் முந்திய வழி ஒன்று இருக்கிறது. தாய் மகளுக்குச் சொல்வதும், கிணற்றடியில் அண்டை வீட்டார் பேசிக்கொள்வதும், சந்தைக்குச் சென்றவர் கேட்டு வருவதும், மாமன் வீட்டுக் கலியாணத்தில் கூடியவர்கள் கலந்துரையாடுவதுமாகிய வழி அது. மனிதருக்கு மனிதர் உள்ள இவ்வுறவுகளையும் பழக்கங்களையும் ஒருசேர நோக்கினால், மீனவர் விரிக்கும் வலைபோல் தோன்றும். ஒவ்வொரு மனிதரும் அவ்வலையில் ஒரு முடிச்சு. இதனை உறவு வலை என்று அழைப்போம்.

பெரியம்மை பரவியதும் இதே வலையின் வழியாகத்தான். காற்றில் நெடுந்தொலைவு பறந்து சென்று பற்றும் இயல்பு அதற்குப் பெரிதும் இல்லை. நோயாளியின் அருகில் இருந்தோரையும், அவரோடு ஒரே வீட்டில் உறங்கியோரையும், அவரைக் காண வந்த உறவினரையுமே அது பெரும்பாலும் பற்றியது. ஆகவே நோயும் செய்தியும் ஒரே பாதையில் நடந்தன. இரண்டில் எது முந்திச் சென்றது என்பதைப் பொறுத்தே ஊரின் வாழ்வும் சாவும் அமைந்தன.

நம் தமிழ்நாட்டு வழக்கம் ஒன்றை இங்கே நினைவுகூரலாம். ஒரு வீட்டில் அம்மை கண்டால் வாயிலில் வேப்பிலை செருகுவர். அம்மை போட்டிருக்கிறது என்று எவரும் உரக்கச் சொல்ல வேண்டுவதில்லை. வழிப்போக்கரும் அதைக் கண்டு ஒதுங்கிச் செல்வர். தலைக்குத் தண்ணீர் விடும் நாள் வரையில் வெளியார் அவ்வீட்டினுள் நுழைவதில்லை. மாரியம்மன் வந்திருக்கிறாள் என்ற பக்தியே இவ்வழக்கத்திற்கு அடிப்படை. ஆயினும் எழுத்தறியாதவரும் படிக்கத்தக்க ஓர் எச்சரிக்கைப் பலகையாகவும் அந்த வேப்பங்கொத்து பயன்பட்டது. ஊரார் நம்பிய அடையாளம் ஆதலால் ஊரார் அதற்குக் கட்டுப்பட்டனர்.

இனி, நாடுகள் சிலவற்றின் வரலாற்றைக் காண்போம். ஜென்னருக்கு முன்பே அம்மையைத் தடுக்க ஒரு முறை வழங்கியது. நோயாளியின் கொப்புளத்துச் சீழில் சிறிது எடுத்து, நலமாயிருப்பவரின் தோலைக் கீறி வைப்பார்கள். பெரும்பாலும் நோய் மென்மையாகக் கண்டு நீங்கிவிடும்; பின்பு வாழ்நாள் முழுவதும் அவரை அம்மை பற்றாது. சிலர் இறந்ததும் உண்டு. எனினும் இயற்கையாக நோய் கண்டு இறந்தோரை நோக்க அத்தொகை மிகக் குறைவு. இம்முறை ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் எளிய மக்களிடையே வழங்கிவந்தது.

மேரி வொர்ட்லி மாண்டேகு என்னும் ஆங்கிலப் பெருமாட்டி, துருக்கிக்குச் சென்ற தூதரின் மனைவி. தம்பியை அம்மைக்குப் பறிகொடுத்தவர்; தாமும் 1715ஆம் ஆண்டில் அந்நோய் கண்டு முகவழகு இழந்தவர். துருக்கியில் முதிய பெண்டிர் சிலர் வீடுகளுக்கு வந்து, கூடியிருக்கும் பிள்ளைகளுக்கு அம்மை வைத்துச் செல்வதை அவர் கண்டார். 1717ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், தம் தோழி சாரா சிஸ்வெல் என்பவருக்கு அதை விரித்து மடல் எழுதினார். மறு ஆண்டில் தம் மகனுக்கு அங்கேயே அம்மை வைத்துக்கொண்டார். 1721இல் இலண்டனில் நோய் பரவியபோது, மருத்துவர்கள் காணத் தம் மகளுக்கும் அவ்வாறே செய்வித்தார். அதன் பின் அவரை அறிந்த குடும்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் முன்வந்தன. 1722இல் வேல்ஸ் இளவரசி கரோலின் தம் பெண்மக்கள் இருவருக்கும் அம்மை வைக்க இசைந்தார். ஒரு தாய் தன் குழந்தைக்குச் செய்ததைக் கண்டு மற்றொரு தாய் செய்தாள். இங்கிலாந்தில் அம்முறை வேரூன்றிய வழி அதுவே.

ஆனால் செய்தி சென்று சேர்வது வேறு, பயன்படுவது வேறு. அம்மடலைப் பெற்ற தோழி சாரா சிஸ்வெல், ஒன்பது ஆண்டுகள் கழித்து 1726இல் பெரியம்மையாலேயே இறந்தார். எவருக்கு முதலில் எழுதப்பட்டதோ அவரையே அது காக்கவில்லை. அறிவு காதில் விழுவதற்கும் செயலில் இறங்குவதற்கும் இடையே எவ்வளவு தொலைவு உண்டு என்பதை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகிறது.

அதே 1721ஆம் ஆண்டில், கடலுக்கு அப்பால் அமெரிக்காவில் உள்ள பாஸ்டன் நகரிலும் இந்நோய் புகுந்தது. அங்கே காட்டன் மாதர் என்னும் சமயகுருவின் வீட்டில் ஒனெசிமஸ் என்ற ஆப்பிரிக்க அடிமை இருந்தான். தன் தாயகத்தில் தனக்கு அம்மை வைத்திருந்ததை அவன் சில ஆண்டுகளுக்கு முன்னரே தன் உடையவரிடம் கூறியிருந்தான். மாதர் அதைக் கேட்டதோடு நில்லாமல், நகரிலிருந்த பிற ஆப்பிரிக்கரையும் உசாவினார். அவர்களும் அதையே சொன்னார்கள். பின்னர்த் துருக்கியிலிருந்து வந்த மருத்துவக் குறிப்பு ஒன்றையும் படித்து, இரண்டும் ஒத்திருப்பதைக் கண்டார். ஒருவர் சொன்னதைப் பலரிடம் கேட்டு ஒப்பிட்டுப் பார்த்த அந்த நெறியை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

மாதரின் வேண்டுகோளை ஏற்ற மருத்துவர் சாப்டியல் பாய்ல்ஸ்டன் ஒருவரே. அவர் தம் ஆறு வயது மகனுக்கே முதலில் அம்மை வைத்தார். நகரம் கொதித்தெழுந்தது. அடிமைகளின் பேச்சைக் கேட்டு நஞ்சைப் பரப்புகிறார்கள் என்றனர் சிலர். இறைவன் திருவுளத்திற்கு மாறானது என்றனர் வேறு சிலர். அவ்வாண்டில் தொடங்கப்பட்ட ஒரு செய்தித்தாளே இம்முறையை எள்ளி எழுதியது. மாதரின் வீட்டினுள் எரிகுண்டு ஒன்றும் வீசப்பட்டது. ஆயினும் இறுதியில் எண்கள் பேசின. அந்நகரில் ஏறத்தாழ 6,000 பேருக்கு நோய் கண்டு, 844 பேர் இறந்தனர். அதாவது எழுவரில் ஒருவர். அம்மை வைத்துக்கொண்ட 240க்கு மேற்பட்டோரில் இறந்தவர் 6 பேர். அதாவது நாற்பதின்மரில் ஒருவர். உரிமையற்ற அடிமை ஒருவன் சொன்ன சொல் உண்மையாயிற்று.

அச்செய்தித்தாளை நடத்தியவர் பெஞ்சமின் பிராங்க்ளினின் தமையனார். பிற்காலத்தில் அறிவியல் அறிஞராகப் புகழ்பெற்ற பெஞ்சமின் பிராங்க்ளினோ அம்மை வைப்பதை ஆதரித்தவர். ஆயினும் 1736ஆம் ஆண்டில் அவருடைய நான்கு வயது மகன் அம்மை வைக்கப்படாமலே நோய் கண்டு இறந்தான். உடனே ஊரில் ஒரு வதந்தி பரவியது. அம்மை வைத்ததனால்தான் பிள்ளை இறந்தான் என்று பேசிக்கொண்டார்கள். அதை நம்பிப் பிற பெற்றோர் பின்வாங்கிவிடுவரே என்று அஞ்சிய பிராங்க்ளின், மகனை இழந்த துயரத்தினிடையிலும், அது பொய் என்று தம் செய்தித்தாளில் அறிவிப்பு வெளியிட்டார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது நம் பழமொழி. மூட முடியாத வாய்க்கு உண்மையை ஊட்டுவதே செய்யத்தக்கது என்பதை அத்தந்தை அறிந்திருந்தார்.

நம் நாட்டிற்கு வருவோம். வங்காளத்தில் டிக்காதார் என்று அழைக்கப்பட்டோர், ஆண்டுதோறும் இளவேனிற் காலத்திற்கு முன் ஊர் ஊராகச் சென்று பழைய முறையில் அம்மை வைத்துவந்தனர். தந்தைக்குப்பின் மகனாக அதே குடும்பங்களுக்குச் சென்றமையால் மக்கள் அவர்களை அறிந்திருந்தனர். உணவுக் கட்டுப்பாடும் வழிபாடும் சேர்த்தே அவர்கள் அதைச் செய்தனர். பசுவம்மைப் பால் வந்தபின், 1865இல் கல்கத்தாவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் பழைய முறை சட்டத்தால் தடுக்கப்பட்டது. ஆனால் தடை செய்த அரசே நாளடைவில் பழைய டிக்காதார்களிற் பலரைப் புதிய பால் குத்தும் பணியில் அமர்த்தியது. புதிய மருந்தாயினும், அதைக் கொண்டுசெல்லப் பழகிய முகம் வேண்டியிருந்தது.

பசுவம்மைப் பால் இந்தியாவுக்கு வந்த கதையும் ஓர் உறவு வலையின் கதையே. அக்காலத்தில் மருந்தைக் கெடாமல் வைக்கும் குளிர்ப்பெட்டி இல்லை. ஒருவருக்குக் குத்தி, எட்டு நாள் அளவில் எழும் கொப்புளத்திலிருந்து எடுத்து அடுத்தவருக்குக் குத்த வேண்டும். இவ்வாறு கையிலிருந்து கைக்கு மாறியே அது பயணம் செய்தது. வியன்னாவிலிருந்து பாக்தாதுக்கும், அங்கிருந்து பாஸ்ராவுக்கும், பின்பு கப்பலேறிப் பம்பாய்க்கும் வந்தது. 1802ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் பம்பாயில் அன்னா டஸ்தால் என்னும் மூன்று வயதுக் குழந்தைக்குக் குத்தியபோது அது நன்கு எழுந்தது. அக்குழந்தையின் கையிலிருந்து தொடங்கிய தொடரே பூனா, சூரத்து, ஐதராபாத்து, சென்னை முதலிய இடங்களை அடைந்தது. மனிதச் சங்கிலியின் ஒரு கண்ணி அறுந்தாலும் மருந்து நின்றுவிடும். ஆகவே மருந்துக்கு வேண்டியிருந்ததும் மக்களின் இசைவுதான்.

அவ்விசைவைப் பெறப் பலரும் முயன்றனர். மைசூர் அரசர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் இளம் மனைவி தேவஜம்மணிக்குப் பசுவம்மை குத்தப்பட்டது. தாமஸ் ஹிக்கி என்னும் ஓவியர் 1805இல் தீட்டிய அரண்மனைப் பெண்டிரின் ஓவியம், இச்செய்தியை மக்களிடம் பரப்பும் நோக்கமுடையது என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுகின்றனர். சென்னையில் ஆட்சியராய் இருந்து தமிழை ஆழ்ந்து கற்ற எல்லிஸ் துரை வேறொரு வழியை நாடினார். சக்தியும் தன்வந்திரியும் உரையாடுவதாக ஒரு கதையைத் தமிழில் அமைத்து, பசுவம்மை என்பது பசுவின் வாயிலாகத் தேவி அருளிய கொடை என்று அதில் விளக்கினார். கேட்போர் போற்றும் தெய்வத்தின் வாயிலாகச் சொன்னால் கேட்பார்கள் என்பது அவர் எண்ணம். இது நேர்மையான வழிதானா என்ற கேள்வி எழத்தான் செய்யும். மக்களின் நம்பிக்கையை மதிப்பது ஒன்று. அதைக் கருவியாக்கிக்கொள்வது மற்றொன்று. இரண்டுக்கும் இடையிலுள்ள கோடு மெல்லியது.

எவ்வாறாயினும் அம்மை குத்துபவரைக் கண்டால் கதவைச் சாத்தும் வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. கிண்டியில் 1899இல் நிறுவப்பெற்ற கிங் நிலையம் கன்றுகளிலிருந்து அம்மைப்பால் எடுத்து வழங்கத் தொடங்கிய பின்னும் அச்சம் அகலவில்லை. வரி விதிப்பதற்கு அடையாளமிடுகிறார்கள் என்றும், கட்டாய வேலைக்குப் பிடித்துச் செல்வதற்குக் குறியிடுகிறார்கள் என்றும் நாட்டின் பல பகுதிகளில் வதந்திகள் உலவின. இதை அறியாமை என்று தள்ளிவிடுதல் எளிது. ஆனால் வரி தண்டுவதற்கும் ஆள் பிடிப்பதற்கும் மட்டுமே அதிகாரியைக் கண்ட ஊர், திடீரென்று அவர் ஊசியோடு வந்து நின்றால் வேறு என்ன எண்ணும்? வதந்தி பொய்தான், அது முளைத்த நிலமோ மக்களின் பட்டறிவு. வதந்தியை மறுப்பதற்கு முன் அது ஏன் நம்பப்படுகிறது என்று ஆராய வேண்டும் என்னும் பாடம் இதில் அடங்கியிருக்கிறது.

இந்தப் போராட்டத்தின் கடைசிக் கட்டத்திற்கு வருகிறேன். 1966ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், நைஜீரியா நாட்டின் கிழக்குப் பகுதியில் ஓகோஜா என்னும் வட்டாரத்தில் பெரியம்மை கண்டது. வில்லியம் ஃபேகி என்ற மருத்துவர் அங்கே சென்றார். எல்லாருக்கும் குத்துவதற்குப் போதிய மருந்து அவரிடம் இல்லை. அவ்வட்டாரத்தில் பணியாற்றிய பாதிரிமார்கள் நாள்தோறும் மாலையில் சிற்றலை வானொலி வழியாக ஒருவரோடொருவர் பேசி நலம் உசாவுவது வழக்கம். ஃபேகி அந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொண்டார். வட்டாரத்தைப் பங்கிட்டு, ஒவ்வொருவரும் தத்தம் பகுதியிலுள்ள ஊர்களுக்கெல்லாம் ஓட்டக்காரரை அனுப்பி, அம்மை கண்டவர் உண்டா என்று அறிந்துவரும்படி வேண்டினார். மறுநாள் மாலைக்குள் விடை வந்தது. நோய் கண்ட ஊர்கள் நான்கே! பின்பு அவர் அடுத்த கேள்வியைக் கேட்டார்: அவ்வூரார் எந்தச் சந்தைக்குச் செல்வார்கள்? எவ்வூரில் அவர்களுக்கு உறவினர் உளர்? நோய் இனிச் செல்லக்கூடிய அவ்விடங்களில் முன்கூட்டியே மருந்தைக் குத்தினார். சில வாரங்களில் அங்கே நோய் நின்றுவிட்டது.

இதன் நுட்பத்தை விளக்குவேன். பெரியம்மை ஒருவரைப் பற்றிய பின், ஏறத்தாழ 12 நாள் வரை வெளியில் தெரியாது. அந்நாள்களில் அவரால் பிறருக்கும் பரவாது. நோயாளியோடு பழகியவருக்கும் மூன்று நான்கு நாளுக்குள் பால் குத்திவிட்டால், நோய் வராமலோ கடுமையின்றியோ போவது உண்டு. எனவே நோய் மெல்ல நடக்கும் பயணி. செய்தி விரைந்து ஓடினால் அதை முந்திவிடலாம். கோடிக்கணக்கான மக்களுக்கும் குத்தி முடிக்கும் வரை காத்திராமல், நோயாளியைக் கண்டுபிடித்து, அவரைச் சுற்றியுள்ளோருக்கு வேலி கட்டுவதுபோல் குத்துவதே போதும். இவ்வாறு செய்தியே மருந்தின் ஒரு பாகமாயிற்று.

செய்தியைத் தருபவர் யார்? இங்கே மாணவர்களுக்குப் பெருமை தரும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தோனேசியாவில் நோயாளிகளைத் தேடிச் சென்ற அம்மை குத்தும் பணியாளர்கள், அம்மை கண்ட குழந்தையின் படத்தைப் பள்ளிகளில் காட்டி, இத்தகைய நோயாளியைக் கண்டதுண்டா என்று கேட்டனர். பிள்ளைகள் தங்கள் தெருவில் மட்டுமன்றிச் சுற்றுப்புறத்திலும் கண்டதைக் கூறினர். பெரியவர்கள் மறைக்க விரும்பியதையும் பிள்ளைகள் மறைக்கவில்லை. பிற நாடுகளும் அம்முறையைக் கைக்கொண்டன.

இந்தியாவில் 1973ஆம் ஆண்டளவில் தென்மாநிலங்களில் நோய் நின்றிருந்தது. உத்தரப்பிரதேசம், பீகார், மேற்கு வங்காளம், மத்தியப்பிரதேசம் ஆகிய நான்கு மாநிலங்களிலேயே அது பெரும்பாலும் நிலைத்திருந்தது. அவ்வாண்டு இலையுதிர் காலம் முதல் சுகாதாரப் பணியாளர்கள் படத்தை ஏந்தி ஊர் ஊராகவும், பின்னர் வீடு வீடாகவும் தேடலாயினர். பள்ளிக்கூடம், சந்தை, தேநீர்க் கடை ஆகிய எல்லா இடங்களிலும் விசாரித்தனர். செய்தி தருவோருக்குப் பரிசும் உண்டு. நோய் குறையக் குறையப் பரிசு உயர்ந்து, இறுதியில் 1,000 ரூபாய் ஆயிற்று. 1974இல் 1,88,000க்கு மேற்பட்ட நோயாளிகள் கணக்கில் வந்தனர். தேடியதனால் மறைந்திருந்தவையும் வெளிப்பட்டன. அவ்வாண்டில் டாட்டாநகரில் நோய் பரவியபோது, தொழிலாளர்கள் தத்தம் சொந்த ஊர்களுக்கு இரயிலேறிச் சென்றனர். நோயும் உடன் சென்றது. தாய்வீட்டை நாடும் அன்பே நோய்க்கு ஊர்தியாயிற்று. இத்தனை இடர்களையும் கடந்து, இந்தியாவில் கடைசி நோயாளிக்கு 1975ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் நாள் அம்மை கண்டது. 1977 ஏப்ரலில் பன்னாட்டு ஆணையம் நம் நாடு நோய் நீங்கியதென்று உறுதிசெய்தது.

இவ்வெற்றியைப் பாடும்போது ஒன்றை மறைத்தல் ஆகாது. அந்த விரைவில் சில இடங்களில் அழுதும் திமிறியும் மறுத்தவர்களைப் பிடித்து வைத்துக் குத்தியதும் உண்டு. நோய் ஒழிந்தது உண்மை. ஆனால் வலிந்து குத்தப்பட்டவர் அடுத்த முறை சுகாதாரப் பணியாளர் வரும்போது கதவைத் திறப்பாரா? நம்பிக்கை என்பது ஒரு முறை செலவழித்தால் மீண்டும் ஈட்டுவதற்கு நெடுங்காலம் ஆகும் செல்வம்.

இயற்கையாகப் பரவிய கொடிய வகைப் பெரியம்மையின் கடைசி நோயாளி, வங்காளதேசத்தில் போலாத் தீவில் வாழ்ந்த ரகிமா பானு என்னும் சிறு குழந்தை. அக்குழந்தைக்கு 1975 அக்டோபரில் அம்மை கண்டதை அதிகாரிகளுக்குத் தெரிவித்தவர் யார் தெரியுமா? அவ்வூரைச் சேர்ந்த எட்டு வயதுச் சிறுமி! அதற்காக அச்சிறுமிக்கு 250 தாக்கா பரிசு கிடைத்தது. குழந்தை பிழைத்தது. மண்ணுலகின் மிகக் கொடிய நோய் ஒன்றின் இறுதிச் செய்தியைக் கொண்டுவந்தவள் தொடக்கப்பள்ளி வயதுடைய ஒரு பெண்.

மென்மையான மற்றொரு வகை அதன்பின் ஆப்பிரிக்காவில் எஞ்சியிருந்தது. சோமாலியாவில் மெர்கா நகர மருத்துவமனையில் சமையற்காரராய் இருந்த அலி மாவ் மாலின் என்னும் இளைஞருக்கு 1977 அக்டோபரில் அது கண்டது. அம்மை நோயாளிகளை ஏற்றிவந்த வண்டிக்கு வழிகாட்டச் சிறிது நேரம் உடன் சென்றார்; அவ்வளவே. மருத்துவமனையில் பணியாற்றியும், வலிக்கும் என்று அஞ்சி, பால் குத்திக்கொள்ளாமல் தப்பியிருந்தார். அவர் பிழைத்தார். உலகில் இயற்கையாகப் பரவிய பெரியம்மையின் கடைசி நோயாளி என்று வரலாற்றில் இடம்பெற்றார். பின்னாளில் இளம்பிள்ளைவாதத்தை ஒழிக்கும் பணியில் சேர்ந்து, சோமாலியாவின் ஊர்களில் தயங்கிய தாய்மாரிடம் தம் கதையையே சொன்னார். பெரியம்மையின் கடைசி நாடாகத் தம் நாடு நின்றதுபோல் இளம்பிள்ளைவாதத்திற்கும் கடைசி நாடாகிவிடக் கூடாது என்பது அவர் எண்ணம். 2013இல் அப்பணியினிடையே மலேரியாக் காய்ச்சலால் இறந்தார். ஊசிக்கு அஞ்சியவர் என்பதனால்தான், அஞ்சும் தாய்மார் அவரை நம்பினர். இத்தகைய தூதரை எந்தச் சுவரொட்டி ஈடுசெய்யும்?

இளம்பிள்ளைவாதத்தின் வரலாறும் இதையே மெய்ப்பிக்கிறது. 2002இல் இந்தியாவில் 1,600 குழந்தைகள் அந்நோயால் பாதிக்கப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் உத்தரப்பிரதேசத்தினர். சொட்டு மருந்து மலடாக்கிவிடும் என்ற வதந்தி அங்கே உலவியது. பின்பு அந்தந்தத் தெருவிலேயே வாழும் பெண்களைத் தேர்ந்து பயிற்றுவித்து வீடு வீடாய் அனுப்பினர். பள்ளிவாசல்களின் இமாம்களும் இசுலாமியப் பல்கலைக்கழகங்களின் ஆசிரியர்களும் துணைநின்றனர். மூடிய கதவுகள் திறந்தன. 2011 ஜனவரி 13ஆம் நாள் மேற்கு வங்கத்து ஹௌராவில் கண்ட குழந்தையே கடைசி நோயாளி. 2014 மார்ச் 27இல் நம் நாடு அந்நோய் நீங்கியதாகச் சான்று பெற்றது.

மாணவ நண்பர்களே! இவ்வரலாற்றிலிருந்து மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன. நலம் பற்றிய செய்தி, சொல்லும் பொருளால் மட்டுமன்றிச் சொல்லும் மனிதராலும் நம்பப்படுகிறது என்பது முதலாவது. நோயும் வதந்தியும் உண்மையும் ஒரே வலையிலேயே நடக்கின்றன. வலைக்கு நன்மை தீமை தெரியாது என்பது இரண்டாவது. கேட்கத் தெரிந்தவரே சொல்லவும் தகுதியுடையவர் என்பது மூன்றாவது. மாதர் ஓர் அடிமையைக் கேட்டார். ஃபேகி சந்தையையும் உறவையும் கேட்டார். பணியாளர்கள் பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டனர். கேட்டவர்களே வென்றனர்.

இன்று உங்கள் ஒவ்வொருவர் கையிலும் தொலைபேசி இருக்கிறது. முன்பு சந்தைக்கு நடந்து சென்று சேர்ந்த சொல், இன்று நொடிப்பொழுதில் ஆயிரம் உறவினரை அடைகிறது. 2020ஆம் ஆண்டில் பரவிய பெருந்தொற்றின்போது நல்லறிவும் பொய்யும் எவ்வாறு ஒன்றையொன்று துரத்தின என்பதை நீங்களே கண்டீர்கள். கருவி மாறியிருக்கிறது, வலை பழையதே. அத்தைக்கும் பாட்டிக்கும் அண்டை வீட்டாருக்கும் நீங்கள் அனுப்பும் சொல்லை அவர்கள் நம்புவது, அது எங்கிருந்து வந்தது என்பதற்காக அன்று. நம் பிள்ளை அனுப்பியது என்பதற்காக. அந்நம்பிக்கைக்கு நீங்கள் பொறுப்பாளிகள். ஐயமுள்ள செய்தியை உங்களோடு நிறுத்துங்கள். உறுதியான செய்தியைப் பொறுமையோடு எடுத்துரையுங்கள். அஞ்சுவோரை எள்ளாமல் அவர் அச்சத்தைக் கேளுங்கள். போலாத் தீவின் அந்தச் சிறுமி பெரிய படிப்பு ஒன்றும் படித்தவளல்லள். கண்டதைக் கண்டபடி, சொல்ல வேண்டியவரிடம், சொல்ல வேண்டிய நேரத்தில் சொன்னாள். அதைச் செய்ய உங்களுள் எவராலும் இயலும்.